டிரைவர் சீட்டில் கிரீச் சத்தம்: ஒன்றரை வருடமாகத் தேடுகிறேன்

டபுள்கேபின் எழுதியது:

வணக்கம். என்னுடையது 9 வருடப் பழைய டபுள் கேபின் பிக்கப். கைமாறி என்னிடம் வந்து இரண்டு வருடம் ஆகிறது, 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின், கியர் எதையும் குறை சொல்ல முடியாது. டிரைவர் சீட்டில் வரும் ஒரு சத்தம் மட்டும் ஒன்றரை வருடமாக என்னைப் பாடாய்ப் படுத்துகிறது.

சத்தத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். பழைய மரக்கட்டிலில் புரண்டு படுத்தால் வருமே, அந்த மாதிரி ‘கிரீ...ச்’. சில சமயம் அதற்கு முன்னால் சின்னதாக ஒரு ‘டக்’. சமமான சாலையில் 80-ல் போனாலும் ஒன்றும் இல்லை. வேகத்தடையில் முன்சக்கரம் இரண்டும் ஒன்றாக ஏறினால்கூடப் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆனால் தார்ச்சாலையிலிருந்து மண்பாதைக்குக் குறுக்காக இறங்கும்போது, ஒரு சக்கரம் மேலே, ஒன்று கீழே என்று நிற்கும் அந்த நேரத்தில், காதுக்குப் பின்னாலேயே கத்தும். கிளட்சை அழுத்தி மிதித்தாலும் வரும்.

நான் கவனித்த வேறு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஏதாவது பிடிபடலாம். மனைவி ஓட்டினால் சத்தம் குறைவு. அவர் என்னைவிட ஒல்லி, சீட்டையும் நன்றாக முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவார். பின்சீட்டில் ஆள் இருந்தாலும் குறைவு. எடை கூடுவதால் வண்டி மெத்தென்று போகிறது போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செய்து பார்த்தவை: முதலில் சீட்டுக்கு அடியில் கண்ணில் பட்ட இடமெல்லாம் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தேன். மூன்று நாள் அமைதி. நாலாம் நாள் முன்னைவிட அதிகமாகக் கத்தியது. அப்புறம் ஒரு பட்டறையில் காட்டினேன், பின்பட்டை புஷ் (பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங்கின் மூட்டில் இருக்கும் ரப்பர்) போயிருக்கிறது என்று மாற்றினார்கள். வண்டி கொஞ்சம் இறுக்கமாக ஓடுகிறது, சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொரு இடத்தில் “பிக்கப் என்றால் அப்படித்தான், பாட்டைச் சத்தமாக வையுங்கள்” என்றார்கள். வைத்துப் பார்த்தேன். பாட்டுக்கு நடுவிலும் கேட்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

14நம்பர்ஸ்பேனர் எழுதியது:

நல்லவேளை, விவரமாக எழுதியிருக்கிறீர்கள். பலர் “சத்தம் வருது, என்ன செய்யலாம்” என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

முதலில் ஒன்று: ‘கிரீச்’சும் ‘டக்’கும் ஒரே சத்தம் இல்லை. கிரீச் என்பது இறுக்கமாக ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் உரசுவது. கொஞ்சம் ஒட்டும், சட்டென நழுவும், மறுபடி ஒட்டும். வயலின் வில் நரம்பில் செய்வதும் இதுதான். டக் என்பது இடைவெளி. எங்கோ ஏதோ தளர்ந்திருக்கிறது, நகர்ந்து போய் முட்டுகிறது. லொடலொட என்றால் எதுவோ முழுக்கக் கழன்று கிடக்கிறது. உங்களிடம் முதல் இரண்டும் இருக்கின்றன, அதனால் காரணமும் இரண்டாக இருக்கலாம். ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்று கேட்டதும் “எதுவும் வேலைக்கு ஆகவில்லை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அடுத்து, குறுக்காக இறங்கும்போது மட்டும் ஏன்? பிக்கப்பின் சேசிஸ், அதாவது அடியில் இருக்கும் இரும்புச் சட்டம், ஏணி மாதிரி. ஒரு மூலை ஏறி எதிர்மூலை இறங்கினால் அது முறுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் கேபினையும் பின்தொட்டியையும் தனித்தனியாக ரப்பர் வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த முறுக்கில் கொஞ்சம் கேபினுக்கும் வரும். கேபின் தரையில்தான் சீட்டின் நாலு காலும் இருக்கின்றன. முன்சக்கரம் இரண்டும் சேர்ந்து ஏறும்போது முறுக்கு அவ்வளவு இல்லை, அதனால் சத்தமும் இல்லை.

வண்டியை ஓட்டாமலே பாதியைப் பிரித்துவிடலாம். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிடுங்கள். வழக்கமாக உட்காரும் நிலையிலேயே உட்கார்ந்து கிளட்சை மிதியுங்கள், முதுகால் சீட்டைத் தள்ளுங்கள், இடமும் வலமும் சாயுங்கள். இதற்குச் சத்தம் வந்தால் சேசிஸை மறந்துவிடுங்கள், விஷயம் சீட்டில்தான். பெல்ட் மாட்டிக்கொண்டு ஒருமுறை, மாட்டாமல் ஒருமுறை. ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை. பிறகு சீட்டை ஒரு பல் (நகர்த்தும்போது ‘டக்’கென்று பூட்டி நிற்குமே, அந்த ஒரு படி) முன்னால் நகர்த்தி எல்லாவற்றையும் மறுபடி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான், அவசரம் வேண்டாம்.

இன்னொன்று, காதை அப்படியே நம்பாதீர்கள். நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் பின்னாலிருந்து வந்தாலும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் சேரும், அதனால் நாம் எளிதில் ஏமாந்துபோவோம். சின்ன கேபினில், கண்ணாடி எல்லாப் பக்கமும் எதிரொலிக்கும்போது, கேட்கவே வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு ரப்பர் குழாய் எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவரைச் சீட்டில் ஆட்டச் சொல்லி, மறுமுனையைப் போல்ட், சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில், சாய்வு மூட்டு என்று ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோங்கள். சரியான இடத்தை நெருங்கினால் காதைப் பிளக்கும்.

மனைவி ஓட்டும்போது குறைவு என்றீர்களே, அதில் எடையைவிட சீட் முன்னால் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ரெயிலில் அவர் உட்காரும் இடம் வேறு, நீங்கள் 1,60,000 கிலோமீட்டர் தேய்த்த இடம் வேறு. (சரி, கடைசி இரண்டு வருடம் மட்டும் நீங்கள்.)

டபுள்கேபின் எழுதியது:

அண்ணே, நன்றி. நேற்றுச் சாயங்காலம் செய்து பார்த்தேன். நான் சீட்டில் குதிப்பதும், மனைவி ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு தரையில் குனிந்திருப்பதும், வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நின்ற இடத்திலேயே இரண்டு சத்தமும் வந்தன. கிளட்சை மிதிக்கிறேன், முதுகு பின்னால் தள்ளுகிறது: முதலில் டக், உடனே கிரீச். ஹெட்ரெஸ்ட், பெல்ட், இரண்டாலும் மாற்றமில்லை. சீட்டை இரண்டு பல் முன்னால் நகர்த்தியபோது கிரீச் பாதியாகக் குறைந்தது, டக் அப்படியே இருந்தது.

டக் உடனே மாட்டிவிட்டது. பின்பக்கம், கதவோரம் இருக்கும் போல்ட். பிளாஸ்டிக் மூடியை எடுத்து ஸ்பேனர் வைத்தால், பலம் கொடுக்காமலே கால் சுற்று போகிறது! சுற்றிலும் பெயின்ட் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. முன்பு வைத்திருந்தவர் எதற்கோ சீட்டைக் கழற்றியிருக்கிறார், திரும்ப மாட்டும்போது அதை மறந்துவிட்டார் போல. இறுக்கினேன், டக் போய்விட்டது.

கிரீச் இருக்கிறது. குழாய் வைத்துக் கேட்டதில் மனைவி சொல்வது: “ரெயிலிலும் கேட்கிறது, அதைவிட அதிகமாக நீ உட்காரும் இடத்துக்கு நேர் கீழே கேட்கிறது.” சீட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

குஷன்வேலை எழுதியது:

கழற்றுங்கள் தம்பி. 20 வருடமாகச் சீட் வேலைதான் செய்கிறேன். கீழே படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பது கழுத்துக்குத்தான் கேடு.

நீங்கள் அடித்த ஸ்பிரே பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். டபிள்யூடி-40 பெயரிலேயே விஷயம் இருக்கிறது. தண்ணீரை விரட்டுவதற்காக 1953-ல் செய்தார்கள், 40-வது முயற்சியில் கலவை சரியாக வந்தது, அதுதான் அந்த 40. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அருமையான சாமான். ஆனால் ரெயிலில் கம்பெனி வைத்த கிரீஸை அது கரைத்துவிடும். கரைந்து வழிந்த பிறகு மூன்று நாள் வழுக்கும், அப்புறம் மண் ஒட்டும். நாலாம் நாள் ஏன் அதிகமாகக் கத்தியது என்று இப்போது புரிகிறதா? போதாக்குறைக்கு ஃபோமில் பட்டால் ஊறிக்கொண்டு நாறும்.

சீட்டைக் கவிழ்த்தால் அடியில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பிகள் தெரியும். ஒவ்வொரு முனையும் ஃபிரேமில் ஒரு கொக்கிக்குள் உட்கார்ந்திருக்கும். கொக்கிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். வருடக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த உறை தேய்ந்து விழுந்துவிடும், இரும்பும் இரும்பும் நேராக உரசும். எந்த முனை பளபளவென்று மின்னுகிறதோ அதுதான் ஆள். சில சீட்டில் ஸ்பிரிங் இல்லாமல் கம்பி வலை இருக்கும், அதிலும் இதே கதைதான். எரிபொருள் குழாய் மாதிரி கெட்டியான ரப்பர் குழாயில் ஒரு அங்குலம் வெட்டி, நீளவாக்கில் கீறி, கம்பி முனைமேல் மாட்டிக் கொக்கிக்குள் தள்ளுங்கள். கம்பியைக் கொக்கியிலிருந்து எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், இழுவிசையில் இருக்கும், துள்ளி அடிக்கும். கம்பி ஃபோமைத் தொடும் இடத்தில் ஃபோம் பொடியாகியிருந்தால் நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி போதும்.

ரெயிலில் பழைய கிரீஸ் கருப்பு மாவு மாதிரி இருக்கும். துணியாலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷாலும் வழித்தெடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவ வேண்டாம், உள்ளே உருளைகளுக்கு நடுவில் இருக்கும் கிரீஸும் போய்விடும். பிறகு லித்தியம் கிரீஸ், மெல்லிசாக ஒரு பூச்சு. சீட்டை முழுக்க முன்னும் பின்னும் பத்துத் தடவை ஓட்டுங்கள், பிதுங்கி வருவதைத் துடைத்துவிடுங்கள். அப்பிவைத்தால் பேன்ட்டில்தான் ஒட்டும்.

மாட்டும்போது ஒரு நுணுக்கம். இடது ரெயிலும் வலது ரெயிலும் ஒரே பல்லில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று ஒரு பல் முந்தியிருந்தாலும் சீட் கோணலாக உட்காரும், எவ்வளவு கிரீஸ் போட்டாலும் கத்தும். நாலு போல்ட்டையும் கையால் சுற்றி முதலில் பிடிக்க வையுங்கள். சீட்டை முன்னும் பின்னும் ஓட்டி அது தானாக நேரானதும்தான் இறுக்க வேண்டும். நீங்கள் ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கியிருக்கிறீர்கள், அதனால் மற்ற மூன்றையும் ஒருமுறை தளர்த்திவிட்டே ஆரம்பியுங்கள்.

மஞ்சள்சாக்கெட் எழுதியது:

ஸ்பேனரை எடுக்கும் முன் நான் சொல்வதையும் படித்துவிடுங்கள்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற சாக்கெட் அல்லது மஞ்சள் உறை போட்ட வயர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கலாம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துக் குழாய் இருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். மோதலில் பேட்டரியே நசுங்கினாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அதன் பெட்டியில் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருப்பார்கள், அது வடிய நேரம் வேண்டும். 90 விநாடி என்று சொல்லும் மேனுவலும் உண்டு, சில நிமிடங்கள் என்று சொல்வதும் உண்டு. உங்கள் வண்டியின் மேனுவல் என்ன சொல்கிறதோ அதற்கு மேலேயே காத்திருங்கள், ஒரு டீ குடிக்கலாம். சாக்கெட் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், அணைக்க ஸ்கேனர் தேட வேண்டிவரும்.

பின் போல்ட்டுக்காகச் சீட்டை முன்னால் தள்ள வேண்டும், முன் போல்ட்டுக்காகப் பின்னால். மோட்டார் சீட் என்றால் பேட்டரியைக் கழற்றிய பிறகு அது நகராது. இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

இறுக்கும்போது மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். பல வண்டிகளில் பெல்ட் பக்கிள் சீட் ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும், அதனால் விபத்தில் உங்களைப் பிடித்து வைப்பதும் இதே போல்ட்டுகள்தான். பக்கிளுக்குள் எண்ணெயோ கிரீஸோ ஒரு சொட்டும் வேண்டாம். இப்போது டக் போனது நல்லது. ஆனால் இத்தனை நாள் தளர்ந்த போல்ட்டோடு ஓட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குச் சத்தத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

டபுள்கேபின் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. மஞ்சள்சாக்கெட் சொன்னபடி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சீட்டையே தொட்டேன். பயம்தான்.

தூக்கும்போது ரெயில் முனை கூர்மையாக இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை! கதவோரப் பிளாஸ்டிக்கில் ஒரு நீளமான கீறல். பின்னால் வருபவர்கள் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டுத் தூக்குங்கள்.

அடியில் கிடைத்தவை: மூடி இல்லாத பேனா, பேனா இல்லாத மூடி (வேறு நிறம்), எனதல்லாத ஒரு மூக்குக்கண்ணாடிக் கால், நாணயங்கள், எந்த வண்டியுடையது என்றே தெரியாத ஒரு ஸ்க்ரூ.

குஷன்வேலை அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. ஐந்து கம்பியில் நடுவில் உள்ளதற்குப் பின்முனை உறை இல்லை. கொக்கியில் கம்பி கால்வாசி அறுத்தே வைத்திருக்கிறது, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ரப்பர் குழாய் மாட்டினேன். மற்ற முனைகளில் உறை இருந்தாலும் பழசாக இருந்ததால் துணி டேப் ஒரு சுற்று. ரெயிலில் என் ஸ்பிரேயும் இரண்டு வருட மண்ணும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது, வழித்தெடுக்கவே ஒரு மணி நேரம். பல் எண்ணி மாட்டினேன். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது, மூச்சு வந்தது.

நின்ற இடத்தில் குதித்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. கிளட்சுக்கு இல்லை. மனைவி கைதட்டினார்.

திங்கட்கிழமை அதே மண்பாதையில் குறுக்காக இறங்கினேன். கிரீ...ச். காதுக்குப் பின்னால், அதே இடத்தில்.

உண்மையைச் சொன்னால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போய்விடலாமா என்று இருந்தது. அப்புறம் மனைவியை ஓட்டச் சொல்லி, நான் பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவர் சீட்டின் முதுகில் காதை வைத்துக்கொண்டு போனேன். நாலு தடவை இறங்கி ஏறினோம். ஒரு சத்தமும் இல்லை. திரும்ப நான் தனியாக ஓட்டினால் கத்துகிறது. என்னைக் கண்டால்தான் அதற்குப் பிடிக்கவில்லை போல.

14நம்பர்ஸ்பேனர் எழுதியது:

உங்கள் முதல் பதிவை மறுபடி படித்துப் பாருங்கள். “பின்சீட்டில் ஆள் இருந்தாலும் குறைவு” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நானும் அதைத் தாண்டிப் போய்விட்டேன், மனைவி ஓட்டுகிற விஷயத்திலேயே நின்றுவிட்டேன்.

இப்போது மனைவி ஓட்டியபோது பின்சீட்டில் ஆள் யார்? நீங்கள். சத்தத்தைத் தேடப் போனவரே அதை உட்கார்ந்து அமுக்கிவிட்டீர்கள்.

டபுள் கேபினில் பின்சீட் முதுகு கேபினின் பின்சுவரில் இருக்கும் இரும்பு வளையத்தில் கொக்கி போட்டு நிற்கும். ஆள் சாய்ந்தால் கொக்கி ஒரே பக்கமாக இறுகிவிடும், சத்தம் வராது. காலியாக இருந்தால் கேபின் முறுக்கும்போதெல்லாம் வளையத்தில் உரசும். அது உங்கள் தலைக்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. காது அதை உங்கள் சீட் என்றே சொல்லும், உங்கள் சீட்டும் நிஜமாகவே கத்திக்கொண்டிருந்ததால் சந்தேகமும் வராது.

பின்சீட் முதுகைக் கொக்கியிலிருந்து எடுத்து முன்னால் மடித்துவிட்டு, அதே மண்பாதையில் தனியாக ஒருமுறை இறங்குங்கள். சத்தம் போய்விட்டால் வளையத்தில் டேப் சுற்றுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடம் இருந்தால் அதன் திருகையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

டபுள்கேபின் எழுதியது:

மடித்துவிட்டு இறங்கினேன், அமைதி. நிமிர்த்தி மாட்டினேன், கத்தியது. மறுபடி மடித்தேன், அமைதி. வேண்டுமென்றே ஐந்தாறு தடவை செய்தேன், நம்ப முடியாமல்.

வளையத்தில் கொக்கி பிடிக்கும் இடத்தில் பெயின்ட் போய் இரண்டு கோடு. வீட்டிலிருந்த கருப்பு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றினேன். போதாதோ என்று இன்னும் மூன்று சுற்றினேன், கொக்கி விழவே இல்லை, சீட் முதுகு கையோடு வந்துவிட்டது. அவிழ்த்து இரண்டு சுற்றாக்கியதும் ‘டிக்’ என்று விழுந்தது. இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. இன்று 60 கிலோமீட்டர் ஓட்டினேன், முதல்முறையாகக் காற்று கண்ணாடியோரம் போகும் சத்தம் கேட்கிறது.

ஒரு கேள்வி மட்டும். இந்த டேப் எத்தனை நாள் தாங்கும்? வயருக்கு மாட்டி, சூடு காட்டினால் சுருங்குமே ஓர் உறை, அதைப் போட்டால் நிரந்தரமாக நிற்குமா?

குஷன்வேலை எழுதியது:

அந்த உறையை எந்த வழியாக நுழைப்பீர்கள்? வளையத்தின் இரண்டு முனையும் தகட்டில் வெல்டிங் ஆகியிருக்கும். இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகி வழுக்கிக்கொண்டு போய்விடும், கொக்கியெல்லாம் பிசுபிசுக்கும். வண்டி வயர்களை மொத்தமாகச் சேர்த்துச் சுற்றும் துணி டேப் இருக்கிறது பாருங்கள், அதில் இரண்டு சுற்று. நூல் பிரிய ஆரம்பித்ததும் அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள், ஐந்து நிமிட வேலை. சுற்றும்போதெல்லாம் சீட் முதுகை இழுத்துப் பார்க்க மறக்காதீர்கள்.